முழங்கைக்கு மூன்று விரற்கடை மேலே

கேள்வி: எட்டு மாதமாக ஐகிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலை பயில்கிறேன். உதே-கிமே-நாகே (நீட்டிய கையைப் பூட்டி எறிவது) பழகும்போது தோழரின் முழங்கையில் ‘டக்’கென்று சத்தம் கேட்டது. ஒரு வாரம் அவரால் கையை நீட்டவே முடியவில்லை. இப்போது பயந்து மெதுவாகச் செய்கிறேன். அவர் விழுவதே இல்லை. எப்படிப் பழகுவது?

பதில்: முதலில் அவர் கையைப் பார்ப்போம். வலியோ வீக்கமோ இன்னும் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அது சரியாகும்வரை அந்தக் கையில் மூட்டை முறுக்கிப் பிடிக்கும் பூட்டு எதுவும் வேண்டாம்.

முழங்கை கதவுக் கீல் மாதிரி. கை முழுதாக நீண்டதும் முன்கை எலும்பின் நுனி மேற்கை எலும்பின் பின்குழியில் போய் முட்டி நின்றுவிடும். அதற்குமேல் தள்ளினால் தசைநார்தான் தாங்க வேண்டும். ‘வலிக்கிறது’ என்று சொல்ல நேரம் கிடைப்பதில்லை. ஒருமுறை நான் ‘விடு’ என்று காட்டத் தாமதமாகத் தட்டிவிட்டு, மூன்று வாரம் சட்டைப் பொத்தான் போடச் சிரமப்பட்டேன்.

மெதுவாகச் செய்தால் அவர் விழவில்லை என்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. இதுவரை முழங்கை வலிதான் அவரை விழவைத்திருக்கிறது. இந்த எறிதலுக்குத் தென்பின்-நாகே என்றும் பெயர் உண்டு. தென்பின் என்றால் தராசு. பெயரைக் கேட்டதும் ஒரு கையால் மணிக்கட்டை அமுக்கி, மறுகையால் முழங்கையை நெம்பத் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது.

அவர் உள்ளங்கை மேலே பார்க்க மணிக்கட்டைப் பிடித்து, முன்னால் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மறுகை அவர் முழங்கைக்கு மூன்று விரற்கடை மேலே, மேற்கையின் சதையில் படட்டும். அங்கே நின்று அவர் குதிகாலைப் பாருங்கள். பாயை விட்டு எழும்பியிருந்தால் நிலை குலைந்துவிட்டது என்று அர்த்தம். குதிகால் தரையில் ஊன்றியிருக்க முகம் மட்டும் சுளித்தால், உங்களிடம் இருப்பது வெறும் முழங்கைதான். விட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். குதிகால் எழும்பிய பிறகு கையைத் தூக்காதீர்கள். இடுப்போடு ஓர் அடி முன்னே வையுங்கள். உங்கள் கை அவர் மார்புக்கு முன்னால் நீண்டு போகும், அவர் தானாக உருண்டுவிடுவார். உருள ஆரம்பித்ததுமே மணிக்கட்டை விட்டுவிடுங்கள், கையை வளைத்து உருள அவருக்கு அது வேண்டும்.

எறியப்பட்டு விழுகிறவருக்கும், அதாவது உக்கேவுக்கும், வேலை உண்டு. கையை விறைக்காமல், முழங்கையைக் கொஞ்சம் தளர்த்தி, எறிகிற திசையிலேயே கூட நடக்க வேண்டும். முன்னோக்கி உருளத் தடுமாறுபவரை எறியவே வேண்டாம். குதிகால் எழும்பியதோடு நிறுத்தி, நடந்து வெளியேற விடுங்கள். வேகம் எவ்வளவு என்பதை அவருடைய உக்கேமிதான் (அடிபடாமல் விழும் திறமை) தீர்மானிக்க வேண்டும். சும்மா இருக்கும் கையால் தொடையைத் தட்டினாலும் போதும், வாயால் சொன்னாலும் போதும், அந்த நொடியே பிடியை விடுங்கள்.

அவர் கை குணமானதும் போய்ப் பேசுங்கள். அப்புறம் முதல் பத்து முறை நீங்களே உக்கேயாக இருந்து, உங்கள் முழங்கையை அவர் கையில் கொடுங்கள்.