‘800’ படத்துக்கு எத்தன ஸ்டார் குடுக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

சேரம்பாடியிலேர்ந்து ஒரு வாசகி: கிரிக்கெட் வீரர் முரளிதரனோட கதைய ‘800’னு படமா எடுத்தாங்கல்ல, அத வீட்ல எல்லாரும் சேந்து பாத்தோம். எங்க தாத்தா இலங்கையில கண்டிப் பக்கத்துலேர்ந்து, தோட்டத் தமிழர்கள இந்தியாவுக்கு அனுப்பறதுக்காக ரெண்டு நாடும் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்தவரு, அரசாங்கத் தேயிலத் தோட்டமான டான்டீல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. படத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுக்கணும்ங்கறாரு. தம்பி ரெண்டுக்கு மேல தேறாதுங்கறான். நீங்க எவ்ளோ குடுப்பீங்க?

பதில்: மூணு குடுப்பேன்மா. தாத்தா மார்க் போடறது அந்த மனுஷனுக்கு, தம்பி போடறது படத்துக்கு, ரெண்டும் வேற வேற பேப்பர். முரளியோட தாத்தாவும் 1920ல இங்கேர்ந்து தேயிலத் தோட்ட வேலைக்குப் போனவருதான், பின்னாடி அவரு திருச்சிக்கே திரும்பி வந்துட்டாரு, மகனுங்க அங்கேயே தங்கிட்டாங்க, அந்த வீட்டுப் பேரன்தான் இவரு. அந்த 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்தவங்களுக்கு வேல குடுக்கத்தான் 1968லேர்ந்து நம்ம நீலகிரில அரசாங்கம் தேயில நட்டுச்சு. அங்க வேல பாத்தவருக்கு இந்தப் படம் வேற மாதிரிதான் படும், அதுல நாம தலையிடவே கூடாது.

படத்துக்கு வருவோம். எந்த ஸ்போர்ட்ஸ் பயோபிக்கா இருந்தாலும் நான் மொதல்ல பாக்கறது ஒண்ணுதான், அன்னைக்கு கேமரா இல்லாத எடத்துக்கு நம்மள கூட்டிட்டுப் போறாங்களான்னு. மேட்ச் எல்லாம் யூடியூப்லயே கெடக்கே. 1995 பாக்ஸிங் டே அன்னைக்கு மெல்போர்ன்ல அம்பயர் டேரல் ஹேர், முரளி பந்த எறியறார்னு சொல்லி ஏழு தடவ நோபால் குடுத்தது, 2010ல இலங்கையில காலிங்கற (Galle) ஊர் மைதானத்துல தன்னோட கடைசி டெஸ்ட் பந்துல இந்தியாவோட ஓஜாவ அவுட்டாக்கி 800வது விக்கெட் எடுத்தது, ரெண்டையும் ஒரிஜினல் முரளியோட முகத்தோடயே பாத்துக்கலாம், அந்தக் கண்ண எந்த நடிகர் கொண்டு வர முடியும் சொல்லுங்க. ஆனா 1977 கலவரத்துல அப்பாவோட பிஸ்கட் ஃபாக்டரி எரிஞ்சத யாரும் வீடியோ எடுத்து வெக்கல. அந்தச் சின்ன வயசு பகுதிதான் படத்தோட உயிர், நான் குடுக்கற மூணுல ரெண்டு அதுக்கே.

கொறச்சது பவுலிங்குக்காக. அவரோட முழங்கை பிறவியிலேயே முழுசா நீளாது, மடங்கியேதான் இருக்கும், பந்து சுத்தறது மணிக்கட்டோட வேலையிலயும் தோள் சுழற்சியிலயும். முழங்கைய மடக்கி நீட்டி எறியறாரு, அதாவது த்ரோன்னு சொன்னவங்களுக்காக கையில இறுக்கமா பிரேஸ் மாட்டிக்கிட்டே போட்டுக் காட்டினவரு அவரு. பந்து வெரல விட்டுப் போற அந்த நொடியில இன்னும் கொஞ்ச நேரம் நின்னு காட்டியிருந்தா, கிரிக்கெட் தெரியாத உங்க பாட்டிக்கும் அது த்ரோ இல்லன்னு புரிஞ்சிருக்கும்.

குன்னூர்லேர்ந்து காலேஜ் படிக்கற தம்பி: உண்மைய மாத்தி எடுத்தா மார்க் கொறைக்கணுமா, சினிமாதானேன்னு விட்டுடலாமா?

பதில்: யார் தலையில விழுதுன்னு பாக்கணும் தம்பி. ‘தங்கல்’ எனக்கு ரொம்பப் புடிச்ச படம். 2010 டெல்லி காமன்வெல்த் ஃபைனல மல்யுத்த வீராங்கனை கீதா போகட் நெஜத்துல ஈஸியாவே ஜெயிச்சாங்க, படத்துல கடைசி செகண்ட் வரைக்கும் இழுத்தாங்க, சரி, டென்ஷனுக்காகன்னு விட்டுடலாம். ஆனா அந்த ஃபைனல் நேரத்துல கோச் அவங்க அப்பாவ ரூம்ல பூட்டி வெக்க வெச்ச மாதிரி ஒரு சீன் வருது பாருங்க, அப்டி ஒண்ணு நடக்கவே இல்ல. பேர மாத்தி வெச்சாலும் அந்த டீமுக்கு கோச்சா இருந்தவர ஊரே வில்லனா பாக்கும்ல. அதுக்கு முழுசா ஒரு ஸ்டார் கொறைப்பேன், கை தட்டிக்கிட்டே பாத்தேங்கறதுக்காக அத விட முடியாது.

அதே நேரம் இந்தியா 1983 வேர்ல்ட் கப் ஜெயிச்ச கதையான ‘83’ பாருங்க. இங்கிலாந்துல டன்பிரிட்ஜ் வெல்ஸ்ல ஜிம்பாப்வேயோட நடந்த மேட்ச்ல இந்தியாவுக்கு 17 ரன்னுக்கு 5 விக்கெட் போயாச்சு, அங்கேர்ந்து கபில்தேவ் 175 நாட் அவுட். அன்னைக்கு பிபிசி ஊழியர்கள் ஸ்ட்ரைக், மேட்சுக்கு வீடியோவே கெடையாது. ஸ்கோர் கார்ட படிச்சு படிச்சு மனசுக்குள்ளயே ஓட்டிப் பாத்த எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அந்த சீன் எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா! பயோபிக்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு கேட்டா அத காட்டுவேன்.

ஊட்டிலேர்ந்து ஒம்பதாவது படிக்கற பாப்பா: எச்.ஏ.டி.பி. கிரவுண்ட்ல 400 மீட்டர் ஓடறேன், மில்கா சிங் படம் பாக்கலாமா?

பதில்: பாரும்மா, அம்மா அப்பாவோட உக்காந்து பாரு, பிரிவினைக் கலவரக் காட்சிங்க கொஞ்சம் பயமா இருக்கும். ‘பாக் மில்கா பாக்’ ஆரம்பிக்கறதே அவரு தோத்த ரேஸ்லதான், 1960 ரோம் ஒலிம்பிக்ஸ், நாலாவது எடம். 45.6 செகண்ட் ஓடியும் மெடல் இல்ல, மூணாவது வந்தவரு 45.5. ஆனா அந்த டைம் 1998 வரைக்கும் இந்தியாவுல யாராலயும் ஒடைக்க முடியாத ரெக்கார்டா நின்னுச்சு. பாதி ரேஸுக்கு மேல முன்னாடி இருந்தப்ப வேகத்த கொறச்சதுதான் தப்புன்னு அவரே சொல்லியிருக்காரு. உங்க கோச்சுகிட்ட அந்த 250 மீட்டர் பக்கத்துல எப்டி ஓடணும்னு கேளு, அப்றம் படத்துல அந்த எடத்த திருப்பிப் போட்டுப் பாரு.