அம்மை இறந்த பிறகு தங்கச்சியோடு பேச்சு முறிந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறேன். அப்பா முன்னமே இல்லை. பக்கவாதம் வந்து 3 வருடம் படுக்கையில் கிடந்த அம்மையை நான்தான் பார்த்தேன். 4 மாதம் முன்பு நிமோனியாவில் இறந்துபோனார். ஒரே தங்கச்சி மஸ்கட்டில் நர்ஸ். லீவு கிடைக்காமல் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அன்றிலிருந்து "சாச்சுரேஷன் எத்தனை இருந்தது? ஏன் முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்ல?" என்று வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு மாத நினைவுத் திருப்பலி முடிந்ததும் அம்மையின் சேலைகளைக் கொடுத்துவிட்டேன். அது தெரிந்ததும் போனைத் துண்டித்துவிட்டாள். "அக்கா எல்லாத்தையும் ஒதுக்கிட்டா" என்று சித்தியிடம் சொன்னாளாம். வாரிசு சான்றிதழுக்கு மனு போட வேண்டும். எனக்க மேல சந்தேகமா அவளுக்கு?

பதில்: சந்தேகம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவள் என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். கடைசி நாட்களில் அம்மையோடு இருக்க முடியாதவள், அந்த நாட்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். நர்ஸ் என்பதால் கேள்வி பிரஷர், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) என்று வருகிறது. அங்கே வேறு யாருடைய அம்மைக்கோ மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் தன் அம்மை இங்கே மூச்சுக்குத் திணறினார் என்பது அவளுக்குள் உறுத்தும். அந்த உறுத்தலை நேராகச் சொல்ல வராது, கேள்வியாகத்தான் வரும்.

நீங்கள் அதை விசாரணையாகக் கேட்டதிலும் தப்பில்லை. மூன்று வருடம் மலம், மூத்திரம், படுக்கைப்புண், இரவு முழுக்க இருமல் என்று பார்த்தவருக்கு, எல்லாம் முடிந்தபோது ஒரு ஆசுவாசம் வரும். உடனே "இப்படி நினைக்கலாமா" என்ற குற்ற உணர்ச்சியும் வரும். இது மிகச் சாதாரணம், ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. "ஏன் முந்தின நாளே கொண்டு போகல்ல" என்ற கேள்வி நேராக அந்தப் புண்ணில்தான் விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் அம்மையை இழக்கத் தொடங்கியது பக்கவாதம் வந்த அன்று. பேச்சு குழறியது, நடை போனது, ஆளை மறந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டீர்கள். தங்கச்சிக்கு இழப்பு தொடங்கி நாலே மாதம். அதனால்தான் பீரோவைக் காலி செய்வது உங்களுக்கு வேண்டியிருந்தது, அவளுக்கு அடியாக விழுந்தது. துக்கப்படுகிறவர்கள் இழப்பை நினைத்து அழுவதற்கும் அன்றாட வேலையைத் தூக்கிச் செய்வதற்கும் இடையே மாறி மாறிப் போவார்கள் என்று ஸ்ட்ரோபே, ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999-ல் விளக்கினார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். அழாதவளைக் கல்நெஞ்சுக்காரி என்றும், அழுதுகொண்டே இருப்பவளை நடிக்கிறாள் என்றும் சொந்தக்காரர்கள் பேசுவது இதைப் புரியாமல்தான்.

சரி, என்ன செய்வது? நடந்ததைச் சொல்வது, சாமான், பத்திரம் என்று உங்களுக்குள் மூன்று பேச்சு பாக்கி இருக்கிறது. மூன்றையும் ஒரே போனில் கலந்தால் கெடும். "அம்மைக்கு மூச்சு இழுத்தது" என்பதற்கு அடுத்த வாக்கியம் "அந்த மனுவில ஒரு கையெழுத்து" என்று இருந்தால், முன்னால் சொன்னதையும் அவள் நம்பமாட்டாள். முதல் பேச்சு முடிந்து ஒரு வாரமாவது போன பிறகுதான் இரண்டாவது.

முதல் பேச்சுக்குத் தயாரிப்பு வேண்டும். டிஸ்சார்ஜ் அல்லது டெத் சம்மரி, லேப் ரிப்போர்ட், மருந்துச் சீட்டுகள், பில்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். கடைசி பத்து நாளை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, யார் கூட இருந்தார்கள், டாக்டர் சொன்ன வார்த்தை என்ன, நீங்கள் ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள். அதோடு அம்மை கடைசியாக எத்தனை கரண்டி கஞ்சி குடித்தார், யார் பெயரைச் சொன்னார் என்பதும் வேண்டும். மருத்துவ விவரத்தைவிட இதுதான் அவளுக்குப் பல நாள் துணை வரும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகத்தால் நிரப்பிய ஒரு இடத்தை நர்ஸ் கண்டுபிடித்துவிட்டால் மீதி எல்லாம் போச்சு.

பிறகு இப்படி ஒரு செய்தி போதும்: "மக்களே, அம்மைக்கு என்ன நடந்துன்னு உனக்கு நான் முழுசா இன்னும் சொல்லல்ல. ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். டூட்டி இல்லாத நாள் பார்த்துச் சொல்லு, ஒரு மணிக்கூர் பேசுவோம்." மஸ்கட் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். நைட் டூட்டி முடிந்து வந்த காலையில் வேண்டாம். இரண்டு வீட்டு மாப்பிள்ளைமாரும் அந்த அழைப்பில் இருக்க வேண்டாம். பேசும்போது "நீ இங்க இருந்து பார்த்தியா?" என்ற வாக்கியத்தை மட்டும் எந்த நிலையிலும் எடுக்காதீர்கள். அது உண்மைதான், அதனால்தான் ஆறாது. அவள் முடித்த பிறகு உங்கள் பங்கையும் கேளுங்கள்: "மூணு வருஷம் எப்படி இருந்தேன்னு நீயும் ஒரு தடவை கேளு." இதைக் கேட்காமல் விட்டால் அடுத்த சண்டையில் கணக்காக வந்து நிற்கும். குரல் ஏறினால் "நாளைக்கு விளிக்கேன்" என்று சொல்லி வையுங்கள். சொன்னபடி மறுநாள் விளிக்கவும் வேண்டும்.

சாமான் விஷயத்தில், போன சேலைகளுக்குச் சமாதானம் தேட வேண்டாம். "உன்னைக் கேட்காமக் கொடுத்தது தப்பு. இன்னாருக்கு இன்னது கொடுத்தேன்" என்று பட்டியல் சொல்லுங்கள். ஒன்றிரண்டு திரும்பக் கிடைக்கலாம். மீதி இருப்பதில் இனி எதையும் அசைக்காதீர்கள். கண்ணாடி, ஜெபமாலை, பைபிள், அடுக்களையில் அம்மை புழங்கிய கரண்டி வரை போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆளுக்கு ஒன்றாக மாறி மாறித் தேர்ந்தெடுங்கள், முதல் முறை அவளுக்கு. நகையை அவள் லீவில் வரும் வரை பிரிக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் எடை போட்டு கிராமில் எழுதி (8 கிராம் ஒரு பவுன்), எடை காட்டும் தராசோடு போட்டோ எடுங்கள். வைத்தியத்துக்கு எதையாவது அடகு வைத்திருந்தால், அவள் கேட்குமுன் சீட்டைக் காட்டிவிடுங்கள்.

பத்திரப் பேச்சு சுருக்கம்தான். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை வழியாகத் தாசில்தாருக்கு மனு போகும். "அவ வெளிநாட்டுல இருக்கா, பெயரை விட்டுட்டா வேலை சீக்கிரம் முடியும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். போடுமுன் வாரிசுப் பட்டியலை அவளுக்கு அனுப்புங்கள், அந்தச் சான்றிதழ் சொத்தைப் பங்கு வைக்கும் தாள் இல்லை என்பதையும் சொல்லுங்கள். அம்மை உயில் எழுதாமல் போயிருந்தால், கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன்படி இருவருக்கும் சம பங்கு. யாருக்கு எத்தனை பவுன் ஸ்ரீதனம் கொடுத்தார்கள் என்ற பேச்சு நம் மாவட்டத்தில் இன்னும் எழும். மகளைப் பெரும்பாலும் ஸ்ரீதனத்தோடு நிறுத்திவைத்த திருவிதாங்கூர் கிறிஸ்தவச் சட்டம் இனி நடப்பில் இல்லை என்று 1986-லேயே மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கியில் நாமினி நீங்கள் என்றாலும், பணத்தை வாங்கும் பொறுப்புதான் உங்களுக்கு, அதில் அவள் பங்கு அப்படியே இருக்கும். விடுதலைப் பத்திர (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) நகலை வாட்ஸப்பில் தூக்கிப் போடுவதைப்போல உறவைக் கெடுக்கும் வேலை வேறில்லை.

சித்தி கொண்டுவரும் பேச்சுக்கு ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: "நான் அவகிட்டயே கேட்டுக்கிடுதேன் சித்தி." சித்தி சொன்னதாகத் தங்கச்சியிடம் எடுக்கவும் வேண்டாம்.

கல்லறைக்கு மார்பிள் பலகை இன்னும் பதிக்கவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள். வாசகத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். அடக்கத்தைத் தவறவிட்டவளுக்கு அது கையில் கிடைக்கும் ஒரு வேலை. லீவில் வந்திறங்கியதும் கல்லறைக்குப் போகட்டும், சொந்தக்காரர் கூட்டம் பிறகு.

இத்தனை செய்தும் இருவரில் ஒருவருக்கு ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் தணியாமல், தூக்கமோ சாப்பாடோ வேலையோ கெட்டுக்கொண்டே போனால் அதற்குச் சிகிச்சை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே நீடித்த துக்கம் தனியாக இடம்பெற்றிருக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி அழைப்பின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதக் கணக்குப் பார்க்காமல் அன்றே கூப்பிடுங்கள்.