காரை என்றால் சுண்ணாம்பா, சிமெண்டா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் தாத்தா காலத்து வீடு. மழை பெய்தால் மட்டப்பா (மொட்டை மாடித் தளம்) ஒழுகுகிறது. பார்க்க வந்த கொத்தனார், “காரை போயிட்டு, எல்லாத்தையும் கொத்திட்டு சிமெண்ட் போட்டிருவோம்” என்கிறார். காரை என்றாலே சிமெண்ட் பூச்சு என்று நினைத்திருந்தேன். இரண்டும் வேறா? அவர் சொல்கிறபடி செய்யலாமா?

பதில்: இரண்டும் வேறுதான். கொத்தனாரிடம் சரி சொல்லுமுன் கொஞ்சம் பொறுங்கள்.

காரை என்பது முதலில் சுண்ணாம்புச் சாந்துக்கும் அதைக் கொண்டு பூசிய பூச்சுக்கும் பெயர். மண்சுவர் வீடுகளுக்கு நடுவே செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியதைக் ‘காரை வீடு’ என்றார்கள். பேச்சில் ‘கார வீடு’. சிமெண்டுக்குச் ‘சீமைக்காரை’ என்றும் கான்கிரீட்டுக்குக் ‘கற்காரை’ என்றும் பெயர்கள் இதிலிருந்தே வந்தன. சிமெண்டுக்கும் மூலம் சுண்ணாம்புக்கல்தான்; திருநெல்வேலி பக்கம் நம் தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது இங்கே கிடைக்கும் அந்தக் கல்லை நம்பித்தான். பிறகு பூச்சு மாறிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ‘மேற்கூரையின் காரை பெயர்ந்து விழுந்தது’ என்று இன்று செய்தித்தாளில் படிப்பது பெரும்பாலும் சிமெண்ட் பூச்சைத்தான். (எழுதும்போது இடையின ‘ரை’ போடுங்கள். ‘காறை’ கழுத்தில் போடும் நகை.)

உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் காரை? உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மரக்கட்டைகளும், அவற்றின் மேல் குத்தாக நிறுத்திய சிறு செங்கற்களும் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அதற்கு மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, ‘தட்டோடு’ என்னும் தட்டையான ஓடுகளைப் பதித்திருப்பார்கள். உதிர்ந்த துண்டு ஒன்றை ஆணியால் கீறுங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக இருந்து ஆணி வழுக்கினால் சிமெண்ட்.

சுண்ணாம்பு என்றால் கொத்தனார் சொல்வதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காளவாசலில் சுடும்போது கல்லை விட்டுப் போன கரியமில வாயுவை, பூசிய பிறகு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகுகிறது. இறுகிய பிறகும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். கட்டடம் லேசாக அசைந்தால் கொஞ்சம் இடம் கொடுக்கும். கெட்டிச் சிமெண்டுக்கு அந்தக் குணம் கிடையாது. அடியிலுள்ள மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசைய அசைய மேலே வெடிப்பு விழும். அதன் வழியே இறங்கும் ஐப்பசி மழை மேலே ஆவியாகப் போக முடியாமல் கட்டையில் தங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனைதான் முதலில் உளுக்கும். அது வெளியே தெரியாது.

முதலில் தண்ணீர் போகும் தூம்பையும் தட்டோட்டு இடுக்குகளையும் பாருங்கள், பல வீடுகளில் ஒழுக்கு அங்கேதான். அப்புறம் கரணையின் (கொத்துக் கரண்டி) காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தை மட்டும் கொத்தினால் போதும். நன்றாக நீற்றிய சுண்ணாம்போடு மணலும் செங்கல் பொடியும் சேர்த்து அரைத்து அடையுங்கள். செங்கல் பொடி சேர்ந்த சாந்து ஈரத்திலும் இறுகும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொண்டு, ஈரச்சாக்கு போட்டுக் காயாமல் பாருங்கள். கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை செய்தவர் கிடைத்தால் அவரையே கூப்பிடுங்கள்.

மேலே இருப்பது கான்கிரீட் தளமாக இருந்து, காரை பெயர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிந்தால், பூச்சு வேலையை நிறுத்திவிட்டு ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள்.