இரண்டாம் சுற்றில் லிப்பேஸ் ஏன் தளர்கிறது?

காட்டாமணக்கு எண்ணெயைப் பயோடீசலாக்கும்போது முதல் சுற்று நன்றாக வந்தது, லிப்பேஸ் என்ற கொழுப்பைச் சிதைக்கும் நொதியை அடைத்த அதே ஆல்ஜினேட் (கடற்பாசிக் கூழ்) மணிகளை மறுபடி போட்டதும் விளைச்சல் சரிந்துவிட்டது என்கிறீர்கள். நொதியைக் குறை சொல்லாதீர்கள். சூடோமோனாஸ் செபேசியா என்ற பாக்டீரியாவின் லிப்பேஸ், எண்ணெயோடு வினைபுரியச் சேர்க்கும் மெத்தனாலை ஓரளவு நன்றாகவே தாங்கும். மெத்தனாலை ஒரேயடியாக ஊற்றியதுதான் கோளாறு என்று நினைக்கிறேன். எண்ணெயில் கரையாமல் மிஞ்சுவது நொதியின் வடிவத்தையே குலைத்துவிடும். ஒரு மோல் எண்ணெய்க்கு 3 மோல் மெத்தனால் தேவை. அதை மூன்று தவணையாக, முன்னது தீர்ந்தபின் அடுத்ததைச் சேருங்கள்.

வினையில் துணைப்பொருளாக வரும் கிளிசராலும் மணிகளின் மேல் படிந்து எண்ணெயை உள்ளே விடாது. சுற்றுகளுக்கிடையே டெர்ட்-பியூட்டனால் என்ற கரைப்பானில் அலசுங்கள். தயவுசெய்து பாஸ்பேட் கரைசலில் கழுவாதீர்கள்! மணிகளை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தைப் பாஸ்பேட் பறித்துக்கொள்ளும். மணிகள் இளகி நொதி வெளியேறிவிடும்.

சலித்துப்போய்க் கார வினையூக்கிக்கு மாறவும் வேண்டாம். காட்டாமணக்கின் தனிக் கொழுப்பு அமிலங்கள் அதில் சோப்பாகிவிடும். லிப்பேஸ் அவற்றையும் எரிபொருளாக்கும்.