சிங்கி இறால்: உயிரோடு வாங்குவதும் வீட்டில் சமைப்பதும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விடுமுறைக்கு வரும் மகனுக்காகச் சின்னமுட்டம் துறைமுகத்தில் உயிருள்ள சிங்கி இறால் வாங்கிச் சமைக்கலாம் என்று இருக்கிறேன். இறாலும் நண்டும் சமைத்துப் பழக்கமே தவிர, சிங்கியை இதுவரை கையில் எடுத்ததுகூட இல்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும், வீடு வந்து சேரும் வரை அதை எப்படி வைத்திருக்க வேண்டும்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: சிங்கியை உயிரோடு வாங்கச் சொல்வதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அது இறந்துவிட்டால், தலைப்பகுதியில் உள்ள செரிமானச் சுரப்பியின் நொதிகள் கசிந்து வால் சதையைக் கரைக்கத் தொடங்கும். பாக்டீரியாக்களும் விரைவாகப் பெருகும். எப்போது இறந்தது என்று தெரியாத சிங்கி, வெளியே பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தாலும், வெந்த பிறகு சதை மாவாக உதிரும். அதனால், பனிக்கட்டியில் அசையாமல் கிடப்பதைக் காட்டி "இப்போதுதான் செத்தது" என்று யாராவது சொன்னால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

நம் கடலில் கிடைக்கும் சிங்கிக்கு, வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் பெரிய இடுக்கிகள் கிடையாது. அதற்குப் பதிலாக முதுகோடு முழுவதும் முள்ளும், உடலைவிட நீண்ட இரண்டு உணர்கொம்புகளும் இருக்கும். கையுறையோ தடித்த துணியோ இல்லாமல் பிடிக்க வேண்டாம். முதுகோட்டைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நல்ல உயிர்ப்புள்ள சிங்கி வாலை வயிற்றுக்கு அடியில் மடக்கி வேகமாக அடிக்கும். உணர்கொம்பின் அடிப்பகுதியை உரசி 'கிர்ர்' என்று ஓசை எழுப்புவதும் உண்டு. வால் துணிபோலத் தொங்கினால் அது இறக்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள். ஓட்டை விரலால் அழுத்தியும் பார்க்க வேண்டும். அமுங்கும் ஓடு, அது அண்மையில் சட்டை உரித்ததைக் காட்டும். அத்தகைய சிங்கியில் நீர்தான் மிகுதி, சதை குறைவு.

அடுத்தது, நான் மிக முக்கியமாகக் கருதும் செய்தி. சிங்கியைத் திருப்பி வாலின் அடிப்புறத்தைப் பாருங்கள். அங்கே ஆரஞ்சு நிறத்திலோ பழுப்பாகவோ முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால், அது இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும் தாய்ச் சிங்கி. அதை வாங்காதீர்கள், வாங்க மறுக்கும் காரணத்தையும் விற்பவரிடம் சொல்லுங்கள். வாங்க ஆள் இல்லை என்றால்தான் அது கடலுக்குத் திரும்பும். சிறியவற்றையும் விட்டுவிட வேண்டும். 2003ஆம் ஆண்டு மத்திய வணிக அமைச்சகம் ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச எடையை வகைவாரியாக நிர்ணயித்தது: குமரிக் கடலில் மிகுதியாகக் கிடைக்கும் பானுலிரஸ் ஹோமாரஸ் வகைக்கு 200 கிராம், சேற்றுத் தரையில் வாழும் பானுலிரஸ் பாலிபேகஸ் வகைக்கு 300 கிராம், பெரிதாக வளரும் பானுலிரஸ் ஆர்னேடஸ் வகைக்கு 500 கிராம். இவை ஏற்றுமதிக்கான வரம்புகளே என்றாலும், வீட்டுக்கு வாங்குபவரும் இவற்றையே அளவுகோலாகக் கொள்வது முறை என்பேன்.

அளவைத் திட்டமிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சிங்கியின் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வால். உண்ணும் சதை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. தலைக்கு அரைக் கிலோச் சிங்கி ஒன்று என்று வாங்கினால் போதும்.

வீட்டுக்குக் கொண்டுவருகையில் பெரும்பாலோர் செய்யும் பிழையை நானும் முதல்முறை செய்தேன். நல்லெண்ணத்தோடு வாளி நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்து, அதில் சிங்கியை விட்டு வைத்தேன். கடல் உயிரான அது நன்னீரில் தன் உடலின் உப்புச் சமநிலையை இழந்து, நான் தேங்காய் துருவி முடிப்பதற்குள் துவண்டுபோயிற்று. அந்தத் துன்பத்தை அதற்குக் கொடுத்தது நான்தான் என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது. சிங்கிக்கு வீட்டில் தண்ணீரே வேண்டாம். செவுள்கள் ஈரமாக இருக்கும் வரை பல மணி நேரம் அது காற்றிலேயே உயிர் வாழும். கடல் நீரில் நனைத்த சாக்கிலோ செய்தித்தாளிலோ சுற்றி, காற்றுப் போகும் கூடையில் வைத்துக் கொண்டுவாருங்கள். நெகிழிப் பையில் இறுகக் கட்டினால் மூச்சடைத்துவிடும். வீடு சேர்ந்ததும் அப்படியே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அன்றே சமைத்துவிடுவது நல்லது.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. உங்கள் மகனின் விடுமுறை அந்த நாட்களில் அமைந்தால் வரத்து குறைவாகவே இருக்கும்.

கேள்வி: உயிருள்ள சிங்கியைக் கொதிக்கும் நீரில் அப்படியே போட்டுவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு வலி தெரியுமா? வேறு வழி உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். சுவிட்சர்லாந்து 2018ஆம் ஆண்டு முதல், உணர்விழக்கச் செய்யாமல் இத்தகைய உயிர்களைக் கொதிநீரில் போடுவதைத் தடை செய்திருக்கிறது. பிரிட்டன் 2022ஆம் ஆண்டு இயற்றிய விலங்கு நலச் சட்டம், நண்டு, இறால், சிங்கி ஆகியவற்றையும் உணர்வுள்ள உயிர்கள் என ஏற்றுக்கொண்டது. கொதிநீரில் இட்ட சிங்கி உடனே இறப்பதில்லை. பானையில் கேட்கும் சீறல் ஓசையை அதன் அலறல் என்று சிலர் சொல்வதுண்டு. சிங்கிக்குக் குரல்நாண் கிடையாது, அது ஓட்டின் இடுக்குகளிலிருந்து வெளியேறும் காற்றும் ஆவியும் எழுப்பும் ஓசை. ஆனால் குரல் இல்லை என்பதால் வேதனை இல்லை என்று ஆகிவிடாது.

செய்ய வேண்டிய வேலை இரண்டு கட்டங்களாக நடக்கும். முதலில் குளிரால் உணர்விழக்கச் செய்ய வேண்டும். ஒரு பெரிய பாத்திரத்தில் மூன்று பங்கு நொறுக்கிய பனிக்கட்டியும், லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்புக் கரைத்த நீர் ஒரு பங்கும் சேர்த்து, சிங்கி முழுதும் மூழ்கும்படி இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் வையுங்கள். பெரிய சிங்கிக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவைப்படும். நம் கடலின் சிங்கி வெப்பக் கடல் உயிர் என்பதால் குளிரில் விரைவாக அடங்கிவிடும். வெளியே எடுத்து வாலை நீட்டினால் எதிர்ப்புக் காட்டக் கூடாது. கண் காம்பைத் தொட்டால் அசையக் கூடாது. சிறிது அசைந்தாலும் திரும்பப் பனிநீருக்குள் வைத்துக் காத்திருங்கள். இந்தக் கட்டத்தில் அவசரம் ஆகவே ஆகாது.

அதன் பிறகு தாமதம் ஆகாது. வெப்பம் திரும்பினால் உணர்வும் திரும்பும். ஈரத்துணி விரித்த பலகையில் சிங்கியை மல்லாத்தி, தடித்த துணியால் பிடித்துக்கொண்டு, கனமான கூர்ங்கத்தியால் நடுக்கோட்டில் நெஞ்சிலிருந்து தலை வரையிலும், உடனே திருப்பி வால் நுனி வரையிலும் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். தலையில் மட்டும் குத்தினால் போதும் என்று சொல்வது சரியன்று. நமக்கு மூளை இருப்பதுபோல் சிங்கிக்கு ஒரே மையம் கிடையாது. நரம்பு முடிச்சுகள் சங்கிலிபோல் வயிற்றுப்புறம் நெடுகிலும் கோர்த்திருக்கின்றன. அந்தச் சங்கிலி முழுவதும் அறுபட வேண்டும் என்பதால்தான் நீளவாக்கில் பிளக்கச் சொல்கிறோம். உயிரோடு வாலைத் திருகிப் பிய்ப்பது சந்தைகளில் காணும் வழக்கம். அது மிகவும் கொடியது.

கத்தியை எடுக்கக் கை வரவில்லை என்றால், பனியில் வைத்த பின் பிளந்து தரும்படி விற்பவரிடமே கேளுங்கள். அவர் அதை எப்படிச் செய்கிறார் என்பதையும் நின்று பாருங்கள். பிளந்த சிங்கியைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்துவந்து உடனே சமைத்துவிட வேண்டும்.

கேள்வி: எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்? மசாலாவில் போட்டால் ரப்பர்போல் ஆகிவிடுகிறது.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: நீங்கள் சிங்கியை மசாலாவோடு சேர்த்தே வேகவைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மசாலா வதங்க ஆகும் நேரம் சிங்கிக்கு மிக அதிகம்.

பிளந்த பாதிகளில் நடுவே ஓடும் கருங்குடலை எடுத்துவிட்டு, தலைப்பகுதியில் உள்ள இரைப்பையையும் நீக்கிக் கழுவுங்கள். அப்போது வடியும் நீர் நீலம் பாய்ந்திருந்தால் கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். நம் இரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல் சிங்கியின் குருதியில் செம்பு இருக்கிறது. காற்றுப் பட்டால் அது நீலமாகும். பிறகு இட்லிப் பாத்திரத்தில் நீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, தட்டின்மேல் பாதிகளை ஓடு கீழே இருக்கும்படி அடுக்கி மூடுங்கள். அரைக் கிலோச் சிங்கியின் பாதிகளுக்கு ஏழெட்டு நிமிடங்கள் போதும். ஓடு சிவந்ததை மட்டும் பார்த்து இறக்காதீர்கள். ஓட்டில் புரதத்தோடு பிணைந்திருக்கும் நிறமி சூட்டில் விடுபடுவதால்தான் அது சிவக்கிறது; உள்ளே சதை வேகும் முன்பே அது நடந்துவிடும். சதை கண்ணாடித் தன்மை நீங்கி வெண்மையாகி, ஓட்டிலிருந்து தானாக விலகினால் வெந்துவிட்டது.

சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, அப்போது இடித்த மிளகு ஆகியவற்றைத் தேங்காய் எண்ணெயில் தனியாக வதக்கி, முதல் தேங்காய்ப்பால் கால் கோப்பை ஊற்றிச் சுண்டவிடுங்கள். அடுப்பை அணைக்கும் தறுவாயில் வெந்த சதையைச் சேர்த்து ஒருமுறை புரட்டினால் போதும். மிளகாய்த்தூளும் புளியும் சிங்கியின் இயல்பான இனிப்பை மறைத்துவிடும் என்பது என் கருத்து. தூத்துக்குடியில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் பலர் இருக்கலாம். ஓடுகளையும் கால்களையும் எறிந்துவிடாமல் மிளகு சேர்த்துக் கொதிக்கவைத்தால் நல்ல ரசம் கிடைக்கும்.

கேள்வி: தலையில் உள்ள பச்சை நிறப் பொருளை உண்ணலாமா? இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் சிங்கி சாப்பிடலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: அந்தப் பச்சைப் பொருள்தான் செரிமானச் சுரப்பி. அதற்குச் சுவை உண்டு என்றாலும், கடல் நீரில் உள்ள மாசுகள் சேரும் இடமும் அதுவே. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அதைக் கொடுக்க வேண்டாம்.

இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் சிங்கியையும் தவிர்க்க வேண்டும். ஒவ்வாமையைத் தூண்டும் டிரோபோமயோசின் என்னும் புரதம் இரண்டிலும் இருக்கிறது; எவ்வளவு வேகவைத்தாலும் அது சிதைவதில்லை. விருந்துக்கு நீங்கள் அழைப்பவர்களிடம் சிங்கி வாங்கக் கிளம்பும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.