பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கியாச்சு. பராமரிப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பண்ருட்டி பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு உண்டு. மழைக்காலத்தில் தோப்புக்குள் சாதாரண கார் போகாது என்பதால், புதுச்சேரியில் 2014 மாடல் டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றைப் போன வாரம் 6.5 லட்சத்துக்கு வாங்கினேன். பி.ஒய். நம்பர். கடன் இல்லை, கையில் 80,000 ரூபாய் மிச்சம். மெக்கானிக் 1.45 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்: ஐந்து டயர் 45,000, கிளட்ச் 28,000, சஸ்பென்ஷன் 24,000, எல்லா ஆயிலும் ஃபில்டரும் 16,000, பிரேக் 10,000, அலாய் வீலும் ரூஃப் கேரியரும் 22,000. குடும்ப வருமானம் மாதம் 62,000. மனைவியின் நகையை வங்கியில் வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த எஸ்டிமேட்டில் இந்த மாதமே செய்தாக வேண்டியது 26,000 ரூபாய்க்கான வேலைதான். அதைவிட அவசரமான ஒரு செலவு உங்கள் கணக்கில் வரவே இல்லை.

அது வரி. உங்கள் முகவரி கடலூர் என்பதால், புதுச்சேரியில் தடையில்லாச் சான்று வாங்கி வந்து இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். வண்டி கைமாறியதை வாங்கியவர் அங்கே தெரிவிக்கச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். தமிழ்நாட்டின் ஆயுள் வரியும் கட்ட வேண்டியிருக்கும். வண்டியின் அன்றைய விலையையும் இன்றைய வயதையும் வைத்துக் கணக்கிடுவதால் அது பத்தாயிரங்களில் வரக்கூடிய தொகை. முதலில் அலுவலகத்துக்குப் போய் எவ்வளவு என்று கேட்டு, அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றச் செலவில் கை வைக்க வேண்டும்.

இப்போது எஸ்டிமேட்டுக்கு வருவோம். ஆயிலும் பிரேக்கும் உடனே செய்யுங்கள். முந்தைய உரிமையாளர் எப்போது என்ன மாற்றினார் என்பதற்கு பில் இல்லாவிட்டால், எதுவும் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது. ஃபோர் வீல் டிரைவில் என்ஜின், கியர் பாக்ஸ் ஆயிலோடு வேலை முடியாது; ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (என்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிப்பவை) மூன்றிலும் தனித்தனி ஆயில் உண்டு. பல ஒர்க்‌ஷாப்புகளில் இந்த மூன்றும்தான் விட்டுப்போகும். ஆயிலை இறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பால் கலந்தது போல வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

உங்கள் வண்டியில் இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே தெருத்தெருவாக வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. அதற்குப் பின் தென்பெண்ணை பெருகி கடலூரிலும் நீர் புகுந்தது. அப்படி நின்ற வண்டியா என்று நீங்களே பார்க்கலாம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் கிளட்ச், டயரையெல்லாம் நிறுத்திவிட்டு, முதலில் ஒயரிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். கடைசி இரண்டும் தயாரான ஆண்டு. ஆறு வருடத்தைத் தாண்டியிருந்தால், பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஆனால் ஸ்டெப்னியை விட்டு நான்கு போதும், 36,000. ‘இப்போது இரண்டு, அப்புறம் இரண்டு’ என்று பிரிக்காதீர்கள். தேய்ந்த டயரும் புது டயரும் ஒரே வேகத்தில் சுற்றாது. ஃபோர் வீலில் ஓட்டும்போது அந்த வித்தியாசத்தை ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் தாங்க வேண்டும். இதே காரணத்தால்தான், பார்ட் டைம் வகை (தேவைப்படும்போது மட்டும் நாமே ஃபோர் வீலைப் போடும் வகை) வண்டியாக இருந்தால், காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போடக்கூடாது. தோப்பு மண்ணில் மாதம் ஒரு முறையாவது போட்டு ஓட்டுங்கள்.

கிளட்சும் சஸ்பென்ஷனும் காத்திருக்கலாம். கேப்பர் மலை ஏற்றத்தில் நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பாருங்கள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் போனால்தான் கிளட்ச் அவசரம். அலாய் வீலும் கேரியரும் வேண்டவே வேண்டாம். அந்தக் காசில் கொஞ்சத்தை வாட்டர் வாஷுக்கு வையுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். சேஸிஸ் துருப்பிடித்தால் விற்கும்போது விலையே போய்விடும்.

மாதக் கணக்கு இது. கிளட்ச், சஸ்பென்ஷன் இரண்டுக்கும் 52,000. அதை 18 மாதத்தில் சேர்க்க மாதம் சுமார் 2,900. வழக்கமான சர்வீஸுக்கு 1,500, இன்சூரன்ஸுக்கு 1,250, அடுத்த செட் டயருக்கு 750 என்று என் உத்தேசம். மொத்தம் 6,400. உங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்; முடியும். 18 மாதத்துக்குப் பிறகு 3,500 போதும். இந்தப் பணத்தைத் தனி சேமிப்புக் கணக்கிலோ வங்கி ஆர்.டி.யிலோ போடுங்கள். அஞ்சலக ஆர்.டி. இதற்கு ஒத்துவராது, அது ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடத்துக்கு முன் முடிக்க முடியாது.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவர் பெயரிலேயே பாலிசி இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு க்ளெய்ம் கிடைக்காமல் போகலாம். அவருடைய நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, பிரீமியம் கொஞ்சம் கூடும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் சாதாரண பாலிசி அதைத் தாங்காது. என்ஜினுக்கான கூடுதல் காப்பு இத்தனை வயதான வண்டிக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே தண்ணீர் ஏறினால் சாவியைத் தொடாமல் டோ செய்து எடுத்துப் போங்கள்.

நகை விஷயம். வரியும் டயரும் ஒரே மாதத்தில் சேர்ந்து நெருக்கினால், குறைகிற தொகைக்கு மட்டும் ஒரு நகையை வைக்கலாம். கிரெடிட் கார்டில் தேய்ப்பதைவிட வட்டி மிகக் குறைவு. அப்படி வைத்தால் அந்த 6,400-ஐ முதலில் நகையை மீட்கவே திருப்புங்கள். கிளட்ச் அதற்கப்புறம்.