கண்ணாடி மழை பெய்யும் கோளை யாராவது பார்த்திருக்கிறார்களா?

கேள்வி: எங்கோ பல ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஒரு கோளில் கண்ணாடி மழை பக்கவாட்டில் பெய்கிறது என்று படித்தேன். யாரும் போகாத இடத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார்கள்? உண்மையா, கட்டுக்கதையா?

மழையை யாரும் பார்த்ததில்லை. இணையத்தில் சுற்றும் அந்த நீல உருண்டைப் படங்களும் ஓவியர்கள் வரைந்தவைதான். அதற்காகக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் கோளின் நிழலை நானே அளந்திருக்கிறேன்.

நீங்கள் படித்தது எச்டி 189733 பி என்ற கோளைப் பற்றி இருக்கும். 2005-ல் பிரான்ஸின் ஓட் ப்ரொவான்ஸ் வானாய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். சுமார் 64 ஒளியாண்டு தூரம். வியாழனைவிடச் சற்றுப் பெரிய வாயுக் கோள். ஆனால் தன் விண்மீனிலிருந்து வெறும் 46 லட்சம் கி.மீ. தள்ளித்தான் சுற்றுகிறது. நம் புதன் சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கி.மீ. தள்ளி இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு அதற்கு ஆகும் நேரம் 53 மணி, அவ்வளவுதான். அங்கே ஒரு 'வருடம்' நம் கணக்கில் இரண்டேகால் நாள்கூட இல்லை.

சில வருடங்களுக்கு முன், சித்திரை மாதக் கடைசியில், தேனிப் பக்கம் மாமா வீட்டு மொட்டை மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கியோடு உட்கார்ந்தேன். கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது கொஞ்சம் ஒளியை மறைக்கும், அந்தக் குறைவைப் பிடிக்கத்தான். நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்கு ஆரம்பித்து, கிழக்கு வெளுக்கத் தொடங்கும்வரை படம் எடுத்துக்கொண்டே இருப்பதுதான் திட்டம். இந்த வேலைக்கு ஃபோகஸைக் கூர்மையாக வைக்கக் கூடாது, கொஞ்சம் கலைத்துவிட வேண்டும். அப்போதுதான் விண்மீனின் ஒளி கேமராவில் ஒரே புள்ளியில் குவியாமல் பல புள்ளிகளில் பரவும், அளவும் துல்லியமாக வரும். அதனால் திரையில் தெரிவது விண்மீன் மாதிரி இருக்காது, சின்ன வடை மாதிரி இருக்கும். பக்கத்தில் இருக்கும் வேறு விண்மீன்களையும் அதே படத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய மேகம் கடந்தால் எல்லாமே சேர்ந்து மங்கும். நம் விண்மீன் மட்டும் தனியாக மங்கினால்தான் விஷயம்.

விடிந்த பிறகு, தூங்காமலேயே கணக்குப் போட்டேன். வரைபடத்தில் புள்ளிகள் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தன. ஓரிடத்தில் மெல்ல இறங்கி, ஒன்றேமுக்கால் மணி நேரம் போலக் கீழேயே கிடந்து, மறுபடி பழைய மட்டத்துக்கு ஏறின. குறைந்த ஒளி நாற்பதில் ஒரு பங்குதான். நாற்பது அகல் விளக்கு ஏற்றிய இடத்தில் ஒன்று அணைந்து எரிந்தது போல. பின்னால் காபி டம்ளரோடு நின்ற அத்தை, "இந்தப் பள்ளத்துக்கா ராத்திரி பூரா முழிச்சிருந்தே?" என்று கேட்டார். ஆமாம் அத்தை, அந்தப் பள்ளம் ஒரு உலகம் என்று சொன்னேன். இப்போதும் அதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரிய தொலைநோக்கிகளும் செய்வது இதே வேலைதான், இன்னும் நுட்பமாக.

முதலில் வெப்பம். 2007-ல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி இந்தக் கோளை 33 மணி நேரம் விடாமல் அகச்சிவப்பில் கவனித்தது. கோள் சுற்றிவரும்போது அதன் இரவுப் பக்கமும் பகல் பக்கமும் மாறி மாறி நமக்குத் தெரியும் அல்லவா? கிடைத்த வெப்பநிலை சுமார் 700 டிகிரி செல்சியஸிலிருந்து 940 வரை. மிகச் சூடான இடம் விண்மீனுக்கு நேர் கீழே இல்லை, கிழக்கே தள்ளி இருந்தது. காற்று வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது என்பதற்கான அடையாளம் அது.

நீல நிறத்தை அறிந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கோள் விண்மீனுக்குப் பின்னால் போய் மறையும்போது, அது பிரதிபலித்த ஒளி மொத்தக் கணக்கிலிருந்து கழியும். எந்த நிறம் கழிகிறதோ அதுதான் கோளின் நிறம். 2013-ல் ஹபிள் பார்த்தபோது நீல ஒளி குறைந்தது, பச்சையில் அப்படி ஒரு குறைவு தெரியவில்லை. ஆக, கோளின் நிறம் ஆழ்ந்த நீலம். அங்கே கடல் ஏதும் இல்லை. சிலிகேட் துகள்கள் நிறைந்த மேகமோ மூட்டமோ நீல ஒளியைச் சிதறடிக்கிறது என்று விளக்கம் கொடுத்தார்கள். மணல், பாறை, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தச் சிலிக்கன் சேர்மங்கள்தான். 'கண்ணாடி மழை' பிறந்தது இங்கேதான்.

அப்புறம் காற்று. 2015-ல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிலியில் உள்ள, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஹார்ப்ஸ் கருவியின் பதிவுகளிலிருந்து அதை அளந்து வெளியிட்டார்கள். கோள் விண்மீனைக் கடக்கும்போது அதன் முன் விளிம்பும் பின் விளிம்பும் தனித்தனியே ஒளியை வடிகட்டுகின்றன. வளிமண்டலத்தில் உள்ள சோடியத்தின் கோடு, அதாவது அது விழுங்கும் நிறம் இருக்கும் இடம், ஒரு விளிம்பில் சிவப்புப் பக்கமும் மறு விளிம்பில் நீலப் பக்கமும் நகர்ந்திருந்தது. நெருங்கும் ரயிலின் ஊதல் கீச்சென்றும், விலகும்போது கனத்தும் கேட்கிற அதே விதி. கோளின் சுழற்சியைக் கழித்த பிறகு மிஞ்சிய வேகம் நொடிக்கு சுமார் 2 கி.மீ. அந்தக் காற்றில் சென்னையில் கிளம்பினால் நாலே நிமிடத்தில் மதுரை.

துகளும் காற்றும் சேர்ந்ததுதான் 'பக்கவாட்டு மழை'. காற்றின் வேகம் அளந்தது. துகள் வெகுநாள் ஊகமாகவே இருந்தது. 2024-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பதிவில், பகல் பக்கத்து மேகங்களில் குவார்ட்ஸ் என்ற சிலிக்கன் சேர்மத்தின் கையெழுத்து, அதாவது அதற்கே உரிய அகச்சிவப்புத் தடம், தெரிந்தது. அது எனக்கு ஒரு பண்டிகை நாள். ஆனாலும் சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்று கேட்டால், அதை யாரும் அளக்கவில்லை. மிக நுண்ணிய துகள்கள் அவை. கண்ணாடி மழை என்பதைவிடக் கண்ணாடிப் புழுதிப் புயல் என்பது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2008-ல் இதே கோளில் மீத்தேன் இருக்கிறது என்று அறிவித்தார்கள். செய்தித்தாள்களிலும் வந்தது. பிற்பாடு வெப் பார்த்தபோது அந்த அளவு மீத்தேன் அங்கே இல்லை. அதற்குப் பதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிடைத்தது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயு.

அந்தக் கோளின் விண்மீனை நீங்களே பார்க்கலாம், சாதாரண 10x50 பைனாகுலர் போதும். ஆவணி, புரட்டாசியில் மேகம் இல்லாத இரவு ஒன்பது மணி வாக்கில் திருவோண விண்மீனைப் பிடித்து அங்கிருந்து வடக்கே போனால் சின்ன அம்பு வடிவம் ஒன்று வரும். அதன் முனையிலிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கே டம்பெல் நெபுலா என்ற வாயு மேகம், பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாக இருக்கும். அதற்குக் கிழக்கே முழு நிலாவின் அகலத்தில் பாதி தள்ளி ஒரு சாதாரணப் புள்ளி இருக்கிறதே, அதுதான்.